அறுபத்தொன்பதாவது பெயர்

விளையாட்டைப் பற்றி நான் எழுதுவது இதுவே முதல் முறை. எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் புறப்பாடப் பொறுப்புகளைப் பிரிக்கும்போது எனக்குக் கிடைப்பவை தமிழ்மொழிக் கழகமும் நூலகமும்தான். திடலுக்கு என்னை அழைத்தால் தண்ணீர்ப் புட்டிகளைக் காவல் காப்பேன். சிராய்த்த முழங்காலுக்கு மருந்திடுவேன். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட நான் அமெரிக்கக் காற்பந்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால் அதற்கு முழுப் பொறுப்பும் என் தம்பியையே சேரும்.

தம்பி பல ஆண்டுகளாக ஹியூஸ்டன் நகரில் பொறியியலாளராகப் பணியாற்றுகிறான். போன சில மாதங்களிலேயே அந்நகரின் 'டெக்சன்ஸ்' குழுவுக்குத் தன்னை எழுதிக் கொடுத்துவிட்டான். இங்கே நாம் ஆடும் காற்பந்து வேறு. அங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், வீசுகிறார்கள், மோதி விழுகிறார்கள். காலுக்கு அதில் வேலை குறைவு. பிறகு ஏன் காற்பந்து என்று பெயர் என்று ஒருமுறை கேட்டேன். "அக்கா, அதையெல்லாம் கேக்காதீங்க, ரசிக்கப் பழகுங்க" என்றான். எங்கள் நேரப்படி திங்கட்கிழமை காலைகளில் அவனிடமிருந்து புலனத்தில் செய்தி வரும். நெடுநாளாக அச்செய்தி ஒரே மாதிரிதான் இருந்தது: "தோத்துட்டோம்க்கா." 2020ஆம் ஆண்டுப் பருவத்தில் 4 வெற்றி, 2021இல் 4 வெற்றி, 2022இல் 3 வெற்றி. மூன்று பருவங்களில் மொத்தம் பதினொன்று. 'சிவப்பு மையால் நிறைந்த மதிப்பெண் அட்டை' என்று நான் கேலி செய்வதுண்டு.

அந்த விளையாட்டில் என் மனத்தைத் தொட்ட முதல் செய்தி ஆட்டத்தைப் பற்றியதன்று. புதுமுக ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியது. 'டிராஃப்ட்' என்று அழைக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்து வரும் இளைஞர்களை 32 குழுக்களும் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கின்றன. ஏழு சுற்றுகள். 2023இல் மொத்தம் 259 பெயர்கள். இதில் சிறப்பு என்னவென்றால், முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற குழுவுக்கே முதல் உரிமை! வாகை சூடிய குழு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில்தான் நிற்க வேண்டும். 1936ஆம் ஆண்டு முதல் இந்த முறை நடந்து வருகிறது. பெர்ட் பெல் என்னும் குழு உரிமையாளர், பணமும் புகழும் உள்ள நான்கைந்து குழுக்களே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைக் கண்டு இதை முன்மொழிந்தாராம். அவருடைய குழுவும் அப்போது அடிமட்டத்தில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைக் கேட்டபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. நலிந்தவன் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்ற விதி நம் கல்வி உலகில் எங்கேனும் உண்டா? புதிய ஆண்டின் மாணவர் பதிவுக்காகத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவதை வாசகர்கள் அறிவீர்கள். கிடைத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் நாங்கள் கரையேற வேண்டும். அது கிடக்கட்டும்.

2022ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசி ஆட்டம் 2023 ஜனவரி 8ஆம் நாள் நடந்தது. அதில் தோற்றால் டெக்சன்ஸ் குழுவுக்கு முதல் தேர்வு உரிமை உறுதி. ரசிகர்கள் பலர் தோல்விக்காக நேர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் களத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, கடைசி முயற்சியில், இருபது யார்டு தேவைப்பட்ட இடத்தில், 28 யார்டு தொலைவுக்குப் பந்தை வீசிக் கோட்டைத் தாண்டினார்கள். கூடுதல் இரண்டு புள்ளிகளையும் எடுத்து 32-31 என்று வென்றுவிட்டார்கள். வென்றதால் முதல் உரிமை கைநழுவியது. அன்றிரவே பயிற்றுநர் வேலை இழந்தார். தம்பி அன்று அனுப்பிய செய்தியில் ஒரே சொல்தான்: "ஜெயிச்சிட்டோம்." கூடவே அழுகிற முகம். பிள்ளைகள் நன்றாகச் செய்ததற்காக வருந்திய ஊரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

ஏப்ரல் 27ஆம் நாள் இரவு அங்கே தேர்வு தொடங்கியது. இங்கே வெள்ளிக்கிழமை காலை, நோன்புப் பெருநாளை ஒட்டிய விடுமுறை. நான் சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தம்பி அழைத்து, கைப்பேசியைத் தொலைக்காட்சிக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டான். முதல் பெயராகக் கரோலைனா குழு பிரைஸ் யங் என்பவரை எடுத்தது. இரண்டாவதாக டெக்சன்ஸ் எடுத்தவர் சி.ஜே. ஸ்ட்ரவுட், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர், வயது 21. இருவருமே 'குவாட்டர்பேக்', அதாவது பந்தைக் கையில் வாங்கி, யாரிடம் வீசுவது என்று இரண்டு மூன்று நொடிகளில் முடிவெடுக்க வேண்டியவர்கள். குழுவின் தலைவிதி பெரும்பாலும் அந்த ஒருவர் கையில்தான்.

"நல்ல பையன்தானே, ஏன் ஒரு மாதிரியா இருக்க?" என்று தம்பியிடம் கேட்டேன். அப்போதுதான் அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னான். தேர்வு, சோதனை என்ற சொற்களைக் கேட்டால் ஆசிரியர்களின் காது தானாக நிமிர்ந்துவிடுகிறதே!

'எஸ்2' என்று ஒரு கணினிச் சோதனை. கண்ணும் மூளையும் எவ்வளவு விரைவாகச் செயல்படுகின்றன என்று அளப்பதாம். அதில் ஸ்ட்ரவுட் பெற்றது 18 என்று செய்தி கசிந்தது. நூறு பேரை நிறுத்தினால் ஏறத்தாழ எண்பது பேர் அவருக்கு மேலே என்று பொருள். யங் பெற்றது 98. அந்த எண்கள் சரியானவையா என்பதே பிறகு விவாதமாயிற்று. ஆனால் ஓர் எண் வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே அடைக்க முடியுமா? 'முடிவெடுக்கத் தெரியாதவர்', 'இவருக்காக இரண்டாம் இடத்தை வீணாக்காதீர்கள்' என்றெல்லாம் எழுதினார்கள். தான் ஆட்டக்காரனே தவிரச் சோதனை எழுதுபவன் அல்லன் என்பதுபோல் அந்த இளைஞர் மறுமொழி சொன்னார். அவர் பல்கலைக்கழகத்தில் ஆடிய இரண்டு பருவங்களின் ஆட்டங்கள் முழுவதும் பதிவாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருந்தும் உலகம் பார்த்தது 18ஐத்தான்.

அடுத்த சில நிமிடங்களில் டெக்சன்ஸ் இன்னொரு துணிச்சலான காரியம் செய்தது. அரிசோனா குழுவிடம் தன் அவ்வாண்டின் 12ஆவது, 33ஆவது உரிமைகளையும் மறு ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்று உரிமைகளையும் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் ஒரு பின்சுற்று உரிமையையும் வாங்கியது. அந்த மூன்றாம் இடத்தில் வில் ஆண்டர்சன் என்னும் தடுப்பாட்டக்காரரை எடுத்தது. அடுத்த ஆண்டின் விதைநெல்லையும் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று தம்பி தலையில் கைவைத்தான். பத்து நிமிடம் கழித்து, "ஆனா அக்கா, இந்தத் தடவ ஏதோ நடக்கப்போவுதுன்னு தோணுது" என்றான். அதுவரை ஒருவர்கூட ஒரு பந்தையும் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டமே தொடங்காத நாளில் வரும் இந்த நம்பிக்கைக்கு நிகர் ஏதுமில்லை. பள்ளி திறக்கும் முதல் நாளில், புதுச் சீருடையில், உடம்பைவிடப் பெரிய பையோடு வந்து நிற்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருவதும் அதுவே.

மறுநாள் சனிக்கிழமை. மூன்றாம் சுற்றில், 69ஆவது பெயராக டெக்சன்ஸ் எடுத்தவர் டேங்க் டெல். 'டேங்க்' என்றால் பீரங்கி வண்டி. ஆனால் ஆள் ஐந்தடி எட்டு அங்குலம், எடை 165 பவுண்டு, நம் கணக்கில் 75 கிலோ. நூறு கிலோவுக்கு மேற்பட்டவர்கள் மோதிக்கொள்ளும் களத்தில் இவர் என்ன செய்வார் என்று பலரும் கேட்டார்கள். ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2022இல் அந்நாட்டின் முதல்நிலைப் பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் அனைவரிலும் அதிக யார்டுகளுக்குப் பந்து பிடித்தவர் இவர்தான். இருந்தும் 68 பேருக்குப் பின்னால் நின்றார். இவரை எடுக்கும்படி ஸ்ட்ரவுட் குழு நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டார் என்று செய்திகள் கூறின. வந்து ஒருநாள்கூட ஆகாத புதுப் பையன், தன் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான், பெரியவர்களும் செவிசாய்த்திருக்கிறார்கள்.

தம்பி இதை வேடிக்கையாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

2010ஆம் ஆண்டு. நான் முதலாம் ஆண்டு வகுப்பாசிரியை. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய பள்ளி, பதினொரு பிள்ளைகள். 'லினுஸ்' என்னும் எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம் தொடங்கிய ஆண்டு அது. பன்னிரண்டு படிநிலைகள், ஒவ்வொரு பிள்ளையையும் எதிரே உட்கார வைத்துச் சோதித்து எண் பதிய வேண்டும். ஒரு பெண்பிள்ளை வரும்போதே வாசிக்கக் கற்றிருந்தாள். முதல் திரையிடலிலேயே பன்னிரண்டையும் தாண்டினாள். ஒரு பையன் முதல் படியிலேயே நின்றுவிட்டான். பென்சிலை முழுக் கையால் பிடிப்பான். நான் கேள்வி கேட்டால் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு பேசாமல் இருப்பான். இருவரும் ஒரே பாலர் பள்ளியிலிருந்து வந்தவர்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெற்றோர் சந்திப்பு நாளில் நான் செய்ததை இன்று நினைத்தாலும் கூசுகிறது. அந்தப் பெண்பிள்ளையை முன்னால் அழைத்துத் தோளில் கைவைத்து, "2015இல் நம் பள்ளி வாசலில் 7ஏ பதாகை ஒன்று தொங்கும், அதில் இவள் படம் இருக்கும். இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். யுபிஎஸ்ஆர் தேர்வு நம் பள்ளிகளின் உயிர்மூச்சாக இருந்த காலம். 2021இல் அத்தேர்வே நீக்கப்படும் என்று அன்று யார் கண்டார்?

கூட்டம் முடிந்ததும் அவளுடைய அம்மா தனியே வந்தார். "டீச்சர், என் மகள நல்லாப் படிக்கிற பிள்ள பக்கத்துல உக்கார வைங்களேன். அந்தப் பையன் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்கான்போல." அவர்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. நானே நினைத்திருந்ததைத்தான் அவர் சொன்னார். மறுநாள் பையனை மூன்றாம் வரிசைக்கு, சுவரோரம் மாற்றினேன். அவள், "டீச்சர், அவனும் இங்கயே இருக்கட்டும்" என்று கேட்டாள். ஒருமுறையன்று, மூன்று நான்கு முறை கேட்டாள். "நீ உன் வேலையைப் பார்" என்றேன்.

அதற்கு முன்பே ஒன்றைக் கண்டிருந்தேன். கண்டும் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. நான் கேட்ட கேள்வியை அவள் தன் சொற்களில் அவனிடம் திரும்பக் கேட்பாள். அவன் பதில் சொல்வான். சரியான பதில். நான் அதை 'அவள் சொல்லிக் கொடுக்கிறாள்' என்று எண்ணிக்கொண்டேன். பதிவேட்டில் நான் எழுதிய வரி இன்றும் மனப்பாடமாக இருக்கிறது: 'கவனம் குறைவு. பிறரைச் சார்ந்திருக்கிறான்.' சுவரோரம் போனபின் அவன் யாரையும் சாரவில்லை. எந்தப் பதிலும் சொல்லவில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. அவனோ அந்த ஆண்டு முழுவதும் பூரித்துப் போயிருந்தான். முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி; அப்போது மட்டும் 'அந்த 18 சரிதான் போலிருக்கு' என்று முணுமுணுத்தான். பிறகு வெற்றிகள் வரத் தொடங்கின. நவம்பர் 5ஆம் நாள் நடந்த ஆட்டத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எதிரணி தம்பா பே. இடையில் டெக்சன்ஸ் குழுவின் உதைப்பவர் காயமடைந்து வெளியேறினார். உதைக்க ஆளில்லை. டேர் ஒகுன்போவாலே என்னும் ஓட்டக்காரர், உதைப்பது தம் வேலையே இல்லாதவர், முன்வந்து 29 யார்டு தொலைவிலிருந்து உதைத்து மூன்று புள்ளிகள் எடுத்துக் கொடுத்தார். (வரலாற்று ஆசிரியர் விடுப்பில் இருந்தால் இசைக்கல்வியை நான் எடுப்பதுபோல! ஆனால் அவர் ஒழுங்காகச் செய்துவிட்டார்.) ஆட்டம் முடிய 46 நொடிகள் இருந்தபோது டெக்சன்ஸ் நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. ஸ்ட்ரவுட் 75 யார்டு தொலைவைக் கடத்திக் கொண்டுபோய், ஆறு நொடிகள் மீதமிருக்கும்போது வீசிய பந்தைக் கோட்டுக்கு அப்பால் பிடித்தவர் டேங்க் டெல். 39-37. அன்று ஸ்ட்ரவுட் வீசியது மொத்தம் 470 யார்டு. ஒரே ஆட்டத்தில் எந்தப் புதுமுகமும் அதுவரை எட்டாத அளவு.

இங்கே அப்போது திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணியைத் தாண்டியிருந்தது. நான் எழுந்து பகலுணவு கட்டிக்கொண்டிருந்தேன். தம்பி ஒளிப்படத்தோடு அழைத்தான். அவன் வீட்டில் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது. காரணம் அவனுக்குத் தெரியாது. பந்தை வீசியவன் யாரைப் பக்கத்தில் வேண்டுமென்று கேட்டானோ, அவனே அதைப் பிடித்தான்.

அந்தப் பருவத்தில் டெக்சன்ஸ் 10 வெற்றி, 7 தோல்வி. தன் பிரிவில் முதலிடம். தாக்குதல், தடுப்பு ஆகிய இரண்டு துறைகளிலும் அவ்வாண்டின் சிறந்த புதுமுகங்கள் என்ற விருதுகளை ஸ்ட்ரவுட்டும் ஆண்டர்சனும் பெற்றார்கள். 98 வாங்கிய யங் ஆடிய குழு 2 வெற்றி, 15 தோல்வி. 'பார்த்தீர்களா சோதனையின் லட்சணத்தை' என்று எழுதி இத்துடன் முடித்துவிட்டால் நல்ல கதையாக இருக்கும். நானும் அப்படித்தான் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன், கைதட்டலும் கிடைத்தது.

ஆனால் ஆண்டுகள் அங்கே நிற்பதில்லையே. டெல் அந்த முதல் பருவத்தின் கடைசி வரை ஆடவில்லை. டிசம்பர் 3ஆம் நாள், கோட்டருகே இன்னொருவர் பந்தோடு ஓடி வழி தேடிய வேளையில், அவருக்காக எதிரணியினரைத் தடுக்கப் போய்க் குவியலுக்கு அடியில் சிக்கிக் காலெலும்பு முறிந்தது. சிறிய உடம்பு, பெரியவர்கள் செய்யும் வேலை. 2024இல் திரும்பி வந்தார். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் கேன்சஸ் சிட்டியில், ஸ்ட்ரவுட் வீசிய 30 யார்டுப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் பிடித்த அதே நொடியில் தன் குழு ஆட்டக்காரர் ஒருவரோடு மோதி முழங்கால் சிதைந்தது. ஸ்ட்ரவுட் களத்திலேயே அழுததைத் தம்பி அனுப்பிய காணொளியில் பார்த்தேன். 2025ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் டெல் ஆடவில்லை. ஸ்ட்ரவுட்டும் இரண்டாம் ஆண்டில் முதல் ஆண்டுபோல் ஒளிரவில்லை. எதிரணியின் கைக்குப் போன பந்துகள் 5இலிருந்து 12ஆயின. 52 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். முந்தைய ஆண்டில் 'அடுத்த பெருந்தலை' என்று கொண்டாடியவர்களே 'இவர் அவ்வளவுதானா' என்று எழுதத் தொடங்கினார்கள். அப்போது அவருக்கு வயது 23. யங்கையோ 2024இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பிறகு உட்கார வைத்துவிட்டார்கள். பின்னர் மறுபடியும் வாய்ப்புக் கிடைத்து, முன்பைவிட நன்றாக ஆடினார்.

தம்பிக்கு ஒரு குழு தோற்றால் ஒரு திங்கட்கிழமை கெடும், அவ்வளவே. அவன் வைக்கும் நம்பிக்கைக்கு அவன் விலை கொடுப்பதில்லை. கொடுப்பது அந்தப் பையன்கள்.

என் பெண்பிள்ளை 2015இல் 5ஏ 2பி எடுத்தாள். நல்ல தேர்ச்சி. அப்போது நான் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தேன். முடிவு வந்த அன்று அவள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "சாரி டீச்சர்" என்றாள். எனக்கு முதலில் விளங்கவேயில்லை. எதற்கு என்று கேட்டேன். "பேனர்ல வரல டீச்சர்" என்றாள். ஏழு வயதில் நான் தோளில் வைத்த கையை அவள் ஆறு ஆண்டுகள் சுமந்திருக்கிறாள். நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை.

பையனை 2024இல் பார்த்தேன். பட்டணத்தில் வண்டிக்குச் சக்கரம் மாற்றப் போயிருந்தேன். கரிபடிந்த கையோடு ஒருவன் எழுந்து, "டீச்சர்!" என்றான். இருபத்தொரு வயது இளைஞன். அடையாளம் தெரியச் சிறிது நேரம் பிடித்தது. எஸ்பிஎம் முடித்து, இரண்டு இடங்களில் வேலை பார்த்து, அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்ததாகச் சொன்னான். நல்ல வேலைக்காரன் என்று முதலாளி சொன்னார். எனக்குக் கதிரை துடைத்துப் போட்டான், மைலோ வாங்கி வந்தான். சக்கரத்தைப் பூட்டிக்கொண்டே, சிரித்த முகத்தோடு, என்னைப் பாராமல் கேட்டான்:

"டீச்சர், அப்ப என்னை ஏன் இடம் மாத்துனீங்க?"

பதினான்கு ஆண்டுகள். பதினொரு பிள்ளைகளில் ஒருவனை இரண்டு மீட்டர் தள்ளி உட்கார வைத்தது அவனுக்கு நினைவிருக்கிறது. நான் ஏதோ சொன்னேன், வகுப்பு ஒழுங்கு, இடவசதி என்று. அவன் தலையாட்டினான். காசு வாங்க மறுத்தான், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். "பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்" என்று சொல்லத் திரும்பிப் போக நினைத்து, அந்தச் சாலைவளைவில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த ஆண்டு, 2026 ஜனவரியில், எனக்கு மறுபடியும் முதலாம் ஆண்டு கிடைத்திருக்கிறது. ஒன்பது பிள்ளைகள். முதல் வாரப் பெற்றோர் சந்திப்பில் ஒரு தந்தை உற்சாகமாகக் கேட்டார், "டீச்சர், இதுல யாரு முன்னுக்கு வர்ற மாதிரி இருக்கு?" கேள்வியில் தவறில்லை. அவர் கண்ணில் இருந்தது, தேர்வு நாளன்று தம்பியின் கண்ணில் இருந்த அதே ஒளி. பிள்ளைகள் ஒன்பது பேரும் வரிசையாக என்னையே பார்த்தார்கள். "இவர்கள் பெயரையே இன்னும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் ஐயா" என்றேன். சிரித்தார்கள். அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். எனக்கும் அந்த ஒன்பது பேரில் ஒருவரைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். முதல் நாளே வந்துவிட்டது. நினைப்பு வராமல் தடுக்க எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொள்ள மட்டும் கற்றிருக்கிறேன்.

தம்பி நேற்று அழைத்தான். டெல்லின் முழங்காலைப் பற்றிப் பேசினான். புதுப் பருவத்தில் திரும்புவார், பழையபடி ஓடுவார் என்று அடித்துச் சொன்னான். 'எப்படித் தெரியும்?' என்று நான் கேட்கவில்லை. "உங்க புது டீம் எப்படிக்கா?" என்று அவனே கேட்டான். ஒன்பது பேர் என்றேன். வாசிக்கத் தெரிந்த ஒருத்தி, வாய் திறக்காத ஒருவன், பக்கத்து வீட்டுக்காரர்களாம்; ஒரே மேசையில்தான் உட்காருவோம் என்று இரண்டு பேரும் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்றேன்.

"அப்புறம்?"

"உட்கார்ந்திருக்கிறார்கள். சன்னல் பக்கம். நாளெல்லாம் ஒரே பேச்சு. ஒரு வாரத்துக்குள் நான்கு அழிப்பானைத் தொலைத்துவிட்டார்கள்."